குழு வேறுபாடுகளை வரைபடமாக்குதல்

குழுக்களை ஒப்பிடும் ஆய்வு எதுவானாலும், அதன் மையக் கேள்வி அவை எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே. ஒப்பிடப்படுவோர் மருந்து உட்கொண்டவர்களும் உட்கொள்ளாதவர்களுமாக இருக்கலாம். உரமிட்ட பாத்தியும் உரமிடாத பாத்தியுமாக இருக்கலாம். நகரத்துக் குடும்பங்களும் கிராமத்துக் குடும்பங்களுமாக இருக்கலாம். ஆனால் அச்சில் வரும் வரைபடங்களில் பெரும்பாலானவை அந்த வேறுபாட்டை வரைவதில்லை. ஒவ்வொரு குழுவின் அளவையும் தனித்தனியே வரைந்து அருகருகே நிறுத்திவிட்டு, கழித்துப் பார்க்கும் வேலையை வாசகரின் கண்ணுக்கு விட்டுவிடுகின்றன. கண்ணோ அந்தக் கழித்தலில் அடிக்கடி தவறுகிறது. குழு ஒப்பீட்டு வரைபடங்களைப் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் புள்ளியியலாளர்களிடையே நடந்த விவாதத்தின் பெரும்பகுதி இந்தக் குறையைச் சுற்றியே எழுந்தது.

பட்டை வரைபடத்தை அச்சில் முதலில் கொண்டுவந்தவராகக் கருதப்படுபவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர். 1786இல் வெளியான அவருடைய வணிக, அரசியல் அட்லஸில் இங்கிலாந்தின் வணிகம் ஆண்டுவாரியாகக் கோடுகளில் வரையப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு மட்டும் 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரையிலான ஓராண்டுக் கணக்கே அவருக்குக் கிடைத்தது. காலத்தைக் காட்ட வழியில்லாததால், 17 நாடுகளோடு நடந்த ஏற்றுமதியையும் இறக்குமதியையும் பட்டைகளாக அடுக்கினார். இந்தப் பயன்பாட்டுக்குப் பட்டை மிகவும் பொருத்தமானது. ஏற்றுமதி மதிப்பு என்பது பூச்சியத்திலிருந்து சேர்ந்துகொண்டே வரும் தொகை. பட்டையின் நீளம் முழுவதும் அந்தத் தொகைக்கு நிகராக நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இதே பட்டை வேறொரு வேலைக்கு அமர்த்தப்பட்டது. குழுவின் சராசரி எவ்வளவோ அந்த உயரத்துக்கு ஒரு பட்டை. அதன் தலையில் பிழையைக் குறிக்கும் ஒரு மெல்லிய கோடு. உயிரியல், மருத்துவம், உளவியல் இதழ்களில் இதுவே வழக்கமாகிவிட்டது. வெடிமருந்துக் குச்சியில் திரி நீட்டிக்கொண்டிருப்பது போன்ற தோற்றத்தால் இதற்கு டைனமைட் வரைபடம் என்றே பெயர் விழுந்துவிட்டது. டிரேசி வைஸ்கெர்பரும் அவருடைய குழுவினரும் உடலியங்கியல் துறையின் முன்னணி இதழ்களில் வந்த 703 கட்டுரைகளை அலசி, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் ஒரு பட்டை வரைபடமாவது இருந்தது.

சராசரி என்பது சேர்ந்து நிற்கும் தொகை அல்ல. மதிப்புகளின் நடுவே விழும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து பூச்சியம் வரை வண்ணம் பூசுவதற்கு அளவியல் காரணம் எதுவும் இல்லை. பூசினால் விளைவு உண்டு. ஜார்ஜ் நியூமன், பிரையன் ஷோல் இருவரும் 2012இல் வெளியிட்ட சோதனைகளில், சராசரியிலிருந்து ஒரே தொலைவில் உள்ள இரண்டு மதிப்புகளில் பட்டைக்குள் விழும் மதிப்பே குழுவைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தவர்கள் கருதினர். சராசரிக்கு மேலும் கீழும் தரவு ஒரே விதமாகப் பரவியிருந்தாலும், வண்ணம் பூசிய பக்கத்துக்கே மனம் சாய்கிறது. போதாக்குறைக்கு, நீளத்தால் பேசும் வரைபடம் என்பதால் பட்டையைப் பூச்சியத்திலிருந்தே தொடங்கியாக வேண்டும். 95க்கும் 97க்கும் உள்ள வேறுபாடு முக்கியமாக இருக்கும் இடத்தில், அதனால் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாமல் போகிறது. அடியை வெட்டி 94இல் தொடங்கினாலோ ஒரு பட்டை மற்றதைப்போல் மூன்று மடங்காகி ஊதித் தெரிகிறது. புள்ளியாகக் குறித்தால் இந்த இக்கட்டு இல்லை. புள்ளி தன் இருப்பிடத்தால் மட்டுமே பேசுவதால், அளவுகோலைத் தேவையான இடத்தில் தொடங்கலாம்.

வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை அமைத்தது. ஒரே அளவுகோலில் இருக்கும் இடங்களை ஒப்பிடுவதில் கண் மிகத் துல்லியமாக இயங்குகிறது. நீளம், சாய்வு, கோணம் ஆகியவற்றில் துல்லியம் குறைகிறது. பரப்பளவில் மேலும் குறைகிறது. கன அளவிலும் நிறத்தின் அடர்த்தியிலும் மிகவும் தளர்ந்துவிடுகிறது. குழுக்களை ஒப்பிட வட்ட விளக்கப்படங்களை வரிசையாக வைப்பது ஏன் பயனற்றது என்பதற்கும், முப்பரிமாணப் பட்டைகள் ஏன் கேடானவை என்பதற்கும் வேறு விளக்கம் தேவையில்லை.

வரைபட வகைகள் ஒரே தரவை எப்படி வெவ்வேறு விதமாகக் காட்டுகின்றன என்பதைப் பார்க்கப் புள்ளியியலின் புகழ்பெற்ற ஒரு சிறு தரவுத் தொகுதி போதும். குஷ்னி, பீபிள்ஸ் என்ற இரு மருந்தியலாளர்கள் 1905இல் வெளியிட்ட தூக்க மருந்துச் சோதனை அது. டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரையில் இதை எடுத்தாண்டார். டி-சோதனை பிறந்தது அந்தக் கட்டுரையில்தான். 10 நோயாளிகள்; ஒவ்வொருவருக்கும் இரண்டு மருந்துகளும் வெவ்வேறு இரவுகளில் தரப்பட்டன. கூடுதலாகக் கிடைத்த தூக்கம் மணிக்கணக்கில், முதல் மருந்துக்கு: 0.7, −1.6, −0.2, −1.2, −0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0. இரண்டாம் மருந்துக்கு, அதே நோயாளிகளின் வரிசையில்: 1.9, 0.8, 1.1, 0.1, −0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4. சராசரிகள் 0.75, 2.33.

இந்த இரண்டு சராசரிகளையும் பிழைக்கோட்டோடு வரையலாம் என்று ஒருவர் முடிவெடுத்தவுடன், எந்தப் பிழைக்கோடு என்ற கேள்வி எழுகிறது. திட்ட விலக்கத்தைப் போட்டால், முதல் மருந்தின் கோடு −1.04 முதல் 2.54 வரையிலும் இரண்டாவதன் கோடு 0.33 முதல் 4.33 வரையிலும் நீளும். இரண்டும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்கும். திட்டப் பிழையைப் போட்டால், 0.18 முதல் 1.32 வரை ஒன்று, 1.70 முதல் 2.96 வரை மற்றொன்று. இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை. 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியைப் போட்டால், −0.53 முதல் 2.03 வரை, 0.90 முதல் 3.76 வரை, மறுபடியும் படிகின்றன. தரவு ஒன்று, சராசரிகள் ஒன்று. ஆனால் மூன்று படங்களும் மூன்று கதைகளைச் சொல்கின்றன. திட்ட விலக்கம் தனிமனிதர்களிடையே உள்ள பரவலைக் காட்டுகிறது. மற்ற இரண்டும் சராசரி எவ்வளவு உறுதியாக அறியப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் ஒரு வரைபடத்தை அச்சிடுவது, அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிடுவதற்குச் சமம். இந்தத் தவறு மதிப்புமிக்க இதழ்களிலும் நிகழ்கிறது. இதற்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது.

சொல்லியிருந்தாலும் வாசகர்கள் தடுமாறுகிறார்கள். சாரா பெலியா, ஃபியோனா ஃபிட்லர், ஜெனிபர் வில்லியம்ஸ், ஜெஃப் கம்மிங் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள், உளவியல், நரம்பியல், மருத்துவ இதழ்களில் கட்டுரை எழுதிய ஆய்வாளர்கள். இரண்டு சராசரிகளின் வேறுபாடு புள்ளியியல் முக்கியத்துவத்தின் எல்லையைச் சற்றே தொடும் வகையில் அவற்றை நகர்த்தி வைக்கும்படி அவர்களிடம் கேட்கப்பட்டது. பலர் கோடுகளின் நுனிகள் தொடும் இடத்தில் நிறுத்தினர். திட்டப் பிழைக்கும் நம்பிக்கை இடைவெளிக்கும் வித்தியாசம் பார்த்து நகர்த்தியவர்கள் குறைவு. கம்மிங்கும் சூ ஃபின்ச்சும் அதே ஆண்டில் கண்ணளவுக்கான விதிகளைத் தந்தனர். இரண்டு தனித்தனிக் குழுக்களின் 95 விழுக்காட்டு இடைவெளிகள், ஒரு பக்கக் கையின் சராசரி நீளத்தில் பாதி அளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், பி-மதிப்பு (மெய்யான வேறுபாடு இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு) ஏறத்தாழ 0.05. நுனிகள் தொட்டு மட்டும் நின்றால் ஏறத்தாழ 0.01. திட்டப் பிழைக்கோடுகளானால், அவற்றுக்கு நடுவே ஒரு பக்கக் கையின் நீளம் அளவுக்கு வெற்றிடம் இருந்தால்தான் 0.05. ஆக, படிந்தால் வேறுபாடு இல்லை என்ற பரவலான நம்பிக்கை தவறானது.

இந்த விதிகள் தனித்தனிக் குழுக்களுக்கு மட்டுமே பொருந்தும். தூக்க மருந்துச் சோதனையில் இரண்டு குழுக்களிலும் இருப்பவர்கள் அதே பத்துப் பேர்தான். இதைக் கவனிக்காமல் இரு தனிக் குழுக்களாகக் கணக்கிட்டால், பி-மதிப்பு 0.08 அளவில் வருகிறது. வேறுபாடு உறுதியில்லை என்ற முடிவே கிடைக்கும். நோயாளிவாரியாகக் கழித்துப் பார்த்தால் வேறுபாடுகள் 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. ஒன்றுகூட எதிர்க்குறியில் இல்லை. சராசரி வேறுபாடு 1.58 மணி, அதன் 95 விழுக்காட்டு இடைவெளி 0.70 முதல் 2.46 வரை, பி-மதிப்பு 0.003. நன்றாகத் தூங்கக்கூடியவர்களும் தூக்கம் பிடிக்காதவர்களும் கலந்திருப்பதால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பரவல் பெரிது. அந்தப் பரவல் இரண்டு குழுக்களுக்கும் பொதுவானது. கழித்தவுடன் அதில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. பட்டை வரைபடமோ, குழுவுக்கொன்றாக வரையும் வேறு எந்த வரைபடமோ இதைக் காட்டாது. ஒவ்வொரு நோயாளியின் இரண்டு மதிப்புகளையும் ஒரு கோட்டால் இணைத்தால் போதும்: ஒரு கோடு படுத்திருக்க, ஒன்பது கோடுகள் மேல்நோக்கி ஏறுவது உடனே தெரியும்.

பெட்டி வரைபடத்துக்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்கலாம். மேரி எலினார் ஸ்பியர் 1952இல் தம் நூலில் காட்டிய வீச்சுப் பட்டையிலிருந்து ஜான் டூக்கி வளர்த்தெடுத்த வடிவம் இது. 1977இல் வெளியான டூக்கியின் நூல் வழியே உலகெங்கும் பரவியது. நடுக்கோடு இடைநிலையையும், பெட்டியின் இரு ஓரங்கள் கால்மானங்களையும் குறிக்கின்றன. பெட்டியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால் விழும் மதிப்புகள் தனிப் புள்ளிகளாக நிற்கும். பத்து குழுக்களைக்கூட ஒரே பார்வையில் ஒப்பிட இதைப்போல் சிக்கனமான கருவி வேறில்லை. தூக்க மருந்துத் தரவில் முதல் பெட்டி −0.2 முதல் 2.0 வரை, நடுக்கோடு 0.35இல், இரண்டாவது 0.8 முதல் 4.4 வரை, நடுக்கோடு 1.75இல். இரண்டிலும் தனித்து நிற்கும் புள்ளி ஒன்றுமில்லை. வேறுபாடுகளுக்கென்று ஒரு பெட்டி வரைந்தால் நிலைமை மாறுகிறது: பெட்டி 1.0 முதல் 1.8 வரை குறுகிவிடுகிறது. ஒன்பதாவது நோயாளியின் 4.6 வெகுதூரம் விலகித் தனியே நிற்கிறது. அவருடைய 0.0 முதல் குழுவில் சாதாரண மதிப்பு, 4.6 இரண்டாம் குழுவில் சாதாரண மதிப்பு. இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதுதான் அசாதாரணம். அவரை விலக்கினால் சராசரி வேறுபாடு 1.58இலிருந்து 1.24ஆக இறங்குகிறது. மருந்தின் ஆற்றலைப் பற்றி முடிவு சொல்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இந்தச் செய்தி, வேறுபாட்டை வரைந்த படத்தில் மட்டுமே கண்ணில் படுகிறது.

பெட்டிக்கு வேறு குறைகளும் உண்டு. தரவு இரண்டு திரள்களாகப் பிரிந்திருந்தாலும் பெட்டி அதைச் சொல்லாது. ஜஸ்டின் மதெய்காவும் ஜார்ஜ் ஃபிட்ஸ்மாரிஸும் 2017இல், முற்றிலும் வெவ்வேறு பரவல்கள் ஒரே பெட்டியைத் தருவதை அசைபடங்களால் காட்டினர். 1998இல் ஜெரி ஹின்ட்சும் ரே நெல்சனும் அறிமுகப்படுத்திய வயலின் வரைபடம் இதற்கு மாற்று. அடர்த்தி வளைவை இருபுறமும் பிரதிபலித்து வரைவதால் திரள்கள் புலப்படும். நூற்றுக்கணக்கான மதிப்புகள் இருக்கும்போது அது நல்ல கருவி. பத்து மதிப்புகளுக்கு வயலின் வரைவது, இல்லாத தகவலை வளைவாக்கிக் காட்டுவதாகும். எடை, வருமானம் போன்றவற்றில் வளைவின் வால் பூச்சியத்துக்குக் கீழேகூட இறங்கிவிடும். மதிப்புகள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றையும் புள்ளியாகவே இடுவது எல்லா வகையிலும் மேல். புள்ளிகள் ஒன்றையொன்று மறைக்காதிருக்க அவற்றைப் பக்கவாட்டில் சற்று விலக்கி வைப்பது வழக்கம்.

வேறுபாட்டையே வரைய வேண்டும் என்ற கருத்துக்குத் தெளிவான வடிவம் தந்தவர்கள் மார்ட்டின் கார்ட்னரும் டக்ளஸ் ஆல்ட்மனும். பி-மதிப்புக்குப் பதில் நம்பிக்கை இடைவெளியைத் தர வேண்டும் என்று வாதிட்டு, 1986இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், இரண்டு குழுக்களின் புள்ளிகளையும் இடப்பக்கத்தில் இட்டு, வலப்பக்கத்தில் வேறுபாட்டுக்கென்று தனி அளவுகோல் ஒன்றை நிறுத்தினர். அதில் ஒரு குழுவின் சராசரி பூச்சியமாகிறது. மற்றதன் சராசரி இருக்கும் உயரமே வேறுபாடு. அதைச் சுற்றி நம்பிக்கை இடைவெளி. மூலத் தரவு, வேறுபாட்டின் அளவு, அதன் உறுதி மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. 2019இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் ஆடம் கிளாரிட்ஜ்-சாங்கின் குழுவினர் இந்த முறையைப் பல குழுக்களுக்கு விரித்து, மென்பொருளாகவும் வழங்கினர். இரண்டு, மூன்று குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்கு இன்றைக்குக் கிடைக்கும் சிறந்த வரைபடம் இதுதான்.

காலப்போக்கில் மாறும் இரண்டு குழுக்களை இரு வளைவுகளாக வரையும்போது கண் வேறொரு விதத்தில் ஏமாறுகிறது. தேவையானது ஒரே ஆண்டில் இரண்டுக்கும் உள்ள செங்குத்துத் தொலைவு. கண் எடுத்துக்கொள்வதோ வளைவுகளுக்கு இடையிலான மிகக் குறுகிய தொலைவு. இரண்டும் செங்குத்தாக ஏறும் இடங்களில் இவை பெரிதும் வேறுபடும். கிளீவ்லாண்ட் இதற்குப் பிளேஃபேரின் படத்தையே சான்றாக எடுத்தார். கிழக்கிந்தியப் பகுதிகளோடு இங்கிலாந்து நடத்திய வணிகத்தின் ஏற்றுமதி, இறக்குமதி வளைவுகளைக் கழித்து வரைந்தபோது, 1760க்குச் சற்றுப் பின் இடைவெளி சட்டென்று உயர்ந்து தாழ்ந்தது தெரிந்தது. இரு வளைவுகளையும் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அது புலப்படாது.

சராசரியைத் தாண்டிப் பரவல் முழுவதையும் ஒப்பிடும் முறைகள் தனி மரபு. மார்ட்டின் வில்க்கும், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராமநாதன் ஞானதேசிகனும் 1968இல் பயோமெட்ரிகா இதழில் விளக்கிய முறையில், இரண்டு குழுக்களின் மதிப்புகளையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நிகரான இடத்தில் உள்ளவற்றை ஒன்றுக்கு எதிராக மற்றொன்றாக இடுவார்கள். குழுக்கள் ஒன்றுபோலிருந்தால் புள்ளிகள் 45 பாகைக் கோட்டில் விழும். கோட்டுக்கு இணையாக விலகினால், ஒரு குழு மொத்தமாக நகர்ந்திருக்கிறது. சாய்வு மாறினால், பரவல் மாறியிருக்கிறது. மேல் நுனி மட்டும் வளைந்தால், பெரிய மதிப்புகளில்தான் வேறுபாடு. ஒரு மருந்து எல்லோருக்கும் சிறிது உதவியதா, சிலருக்கு மட்டும் பெரிதும் உதவியதா என்பதைச் சராசரிகளின் வேறுபாடு சொல்லாது. இந்தப் படம் சொல்லும்.

இந்தியப் புள்ளியியலின் முன்னோடியான பி. சி. மகலனோபிஸ் இதே நோக்கத்துக்கு 1960இல் எகானமெட்ரிகா இதழில் ஒரு முறையை முன்வைத்தார். குடும்பங்களைத் தலைக்கு ஆகும் செலவின்படி அடுக்கி, எண்ணிக்கையில் சமமான பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் சராசரியையும் குறித்துக் கோட்டால் இணைப்பது அது. விலைவாசி மாறியிருந்தாலும், மிக ஏழைப் பத்தில் ஒரு பங்கினரை இன்னொரு காலத்தின் அல்லது இன்னொரு வட்டாரத்தின் அதே பங்கினரோடு நேரடியாக ஒப்பிட முடிகிறது. இதிலுள்ள அழகான பகுதி பிழையைக் கையாண்ட விதம். மாதிரியை முதலிலேயே சார்பற்ற இரண்டு துணை மாதிரிகளாக எடுத்து, இரண்டுக்கும் தனித்தனியே கோடு வரைந்தார். அந்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பு, மாதிரியெடுப்பால் மட்டுமே நேரும் விலகலின் அளவு. இரண்டு மக்கள்தொகைகளின் கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பு அதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால், வேறுபாடு மெய்யானது. சூத்திரம் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய பிழை மதிப்பீடு இது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்போடு ஒட்டி வளர்ந்த இந்த முறை இன்றைய பாடநூல்களில் இன்னும் பெரிய இடத்துக்கு உரியது.

அளவுகளுக்குப் பதில் விகிதங்களை ஒப்பிடும்போது, எந்த இரண்டு குழுக்களை அருகருகே வைப்பது என்பதே முடிவைத் திருப்பிப் போடக்கூடும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு முதுநிலைச் சேர்க்கையைப் பற்றி பிக்கலும் இரு சக ஆய்வாளர்களும் 1975இல் சயன்ஸ் இதழில் எழுதியது இதற்குப் புகழ்பெற்ற சான்று. மிகப் பெரிய ஆறு துறைகளை மட்டும் எடுத்தால், விண்ணப்பித்த 2,691 ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கும் 1,835 பெண்களில் 30 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. இரண்டு பட்டைகளாக வரைந்தால் பெண்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றாது. துறைவாரியாக ஆறு சிறு படங்களாகப் பிரித்தால், ஒரு துறையில் ஆண்கள் 62, பெண்கள் 82 விழுக்காடு. மற்றவற்றில் பெரும்பாலும் இருபாலரும் நெருங்கியே நிற்கிறார்கள். எளிதில் இடம் கிடைத்த இரண்டு துறைகளுக்கு விண்ணப்பித்த ஆண்கள் 1,385. பெண்கள் வெறும் 133. பட்டைகளின் அகலத்தை விண்ணப்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அமைக்கும் மொசைக் வரைபடத்தில் இந்தக் காரணமும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது.

குழுக்கள் பெருகும்போது ஒப்பீடுகள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன: ஆறு குழுக்களுக்கு 15 இணைகள். அகரவரிசையை விட்டுவிட்டு மதிப்பின் வரிசையில் குழுக்களை அடுக்குவதே பாதி வேலையை முடித்துவிடும். சிறு படங்களாகப் பிரித்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். எந்த ஒப்பீடு முதன்மையானதோ அதில் இடம்பெறும் குழுக்கள் ஒட்டி நிற்க வேண்டும். நிறத்தால் மட்டும் குழுக்களைப் பிரிப்பது சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களை விலக்கிவிடும். குறியின் வடிவத்தையும் மாற்றுவது நல்லது. எல்லா இணைகளும் தேவைப்பட்டால், ஒவ்வொரு இணையின் வேறுபாட்டையும் ஒருங்கே திருத்திய நம்பிக்கை இடைவெளியோடு, பூச்சியக் கோட்டைச் சுற்றி வரையலாம்.

மாதிரி மிகப் பெரிதாக இருக்கும்போது வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. திட்டப் பிழை மாதிரியின் அளவு கூடக் கூடச் சுருங்கிக்கொண்டே போவதால், பல்லாயிரம் பேரைக் கொண்ட ஆய்வில் சிறு வேறுபாடும் வெகு தொலைவில் நிற்கும் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். இரண்டு குழுக்களின் சராசரிகள் அரைத் திட்ட விலக்கம் வேறுபடுவதாகக் கொள்ளலாம். பரவல் இயல்நிலையாக இருந்தால், இரண்டு வளைவுகளும் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்; குழுவுக்கு ஒருவராக ஏதாவது இருவரை எடுத்தால், உயர்ந்த சராசரி உள்ள குழுவினர் முந்துவது நூற்றுக்கு 64 முறை மட்டுமே. ஆண்கள், பெண்கள், இனங்கள், வட்டாரங்கள் என்று மனிதர்களைப் பிரித்து ஒப்பிடும் இடங்களில் இது நீதி சார்ந்த கேள்வியும்கூட. சராசரிகளை மட்டும் வரைந்த படம், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அப்படித்தான் என்ற எண்ணத்தை விதைக்கிறது. ஜேக் ஹோஃப்மன், டேனியல் கோல்ட்ஸ்டீன், ஜெசிக்கா ஹல்மன் மூவரும் 2020இல் வெளியிட்ட சோதனைகள் இதை அளந்து காட்டின. சராசரியின் உறுதியைக் குறிக்கும் இடைவெளிகளைப் பார்த்தவர்கள், தனிமனித மதிப்புகளின் வீச்சைப் பார்த்தவர்களைவிட, சிகிச்சையின் பயனை மிகைப்படுத்தி மதிப்பிட்டனர். அதற்கு அதிக விலை தரவும் முன்வந்தனர். அதனால் பெரிய மாதிரிகளில் வேறுபாட்டின் நம்பிக்கை இடைவெளிக்கு அருகிலேயே இரண்டு பரவல்களையும் முழுமையாக வரைந்து, படிந்திருக்கும் பகுதியைக் கண்ணுக்குத் தெரிய விடுவது அவசியமாகிறது.